ஒன்பதாம் எண்ணின் நாலாவது விரல்

ஆகஸ்ட் 3, வியாழன்

கூரியரில் பென் டிரைவ் வந்து சேர்ந்தது. பதினொரு பதிவுகள். பதினொன்றும் ஒரே உருப்படி: சோப்பினின் ஜி மைனர் பாலாட். பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பதினொரு பிள்ளைகள் வாசித்து அனுப்பியிருக்கிறார்கள். ஜெயிப்பவருக்கு வார்சாவில் நாலு வருடம் பியானோ படிக்க இடம். ஒரே ஓர் இடம். மற்ற பத்துப் பேரும் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் போகட்டும்.

செயலாளர் வெங்கடரங்கன் போனில் விதிகளை ஒப்பித்தார். "பேரு, ஊரு எதுவும் இருக்காது சார். வெறும் நம்பர்தான். உங்க ஸ்டூடன்ட் யாரும் இதுல இருக்கக் கூடாது. நூத்துக்கு மார்க் போடுங்க. சுத்தமா பிடிக்கலைன்னா 'வேண்டாம்'னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் பண்ணுங்க. மூணு நடுவர்ல ஒருத்தர் டிக் பண்ணாலும் அந்தப் பிள்ளை அவுட்."

நடுவர்கள் யார் என்று கேட்டேன். குன்னூரில் ஒரு ரிட்டயர்டு டாக்டர். அப்புறம் நான். அப்புறம் இவாஞ்சலின் சற்குணம்.

அந்தப் பெயரைக் கேட்டதும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. பெனிட்டாவுக்கு இந்த அக்டோபரோடு பத்தொன்பது முடிகிறது. ஏழு வருடம் என்னிடம் படித்தாள். அதில் இரண்டு வருடம் இதே பாலாட், இதே போட்டிக்காக. போன நவம்பரில் என்னை அம்போ என்று விட்டுவிட்டு இவாஞ்சலினிடம் போய்ச் சேர்ந்தாள். இது அவளுக்குக் கடைசி வாய்ப்பு. விடமாட்டாள். பதினொன்றில் ஒன்று அவள்தான்.

எது என்று கண்டுபிடிக்கிறேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

தண்ணீர் மோட்டார் ரிப்பேர், மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துத் தெரு ஆசாரி ஏகாம்பரத்துக்கும் சொல்லி அனுப்பினேன், பியானோ மூடியின் கீலைப் பார்க்க வேண்டும். இரண்டு பேருமே வரவில்லை.

எண் 1: பணக்கார வீட்டுப் பிள்ளை. பியானோ அப்படி ஒலிக்கிறது, பிள்ளை அப்படி ஒலிக்கவில்லை. எல்லாச் சுரமும் இருக்கிறது, ஒன்றிலும் உயிரில்லை. 55.

எண் 2: அழுகை. முதல் மெட்டிலேயே மூக்கைச் சிந்த ஆரம்பித்தால் பத்து நிமிடம் எதை வைத்து ஓட்டுவது? ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நின்று பெருமூச்சு விடுகிறது. 40.

எண் 3: கடைசிப் பகுதியில் 'நெருப்போடு, மிக வேகமாக' என்று போட்டிருக்கிறான் சோப்பின். இந்தப் பிள்ளை ஆரம்பத்திலிருந்தே தீயணைப்பு வண்டியை ஓட்டுகிறது. கடைசி வரும்போது எரிவதற்கு எதுவும் மிச்சமில்லை. 45.

மூன்றும் பெனிட்டா இல்லை. அவள் இவ்வளவு மோசமாக வாசித்தால் எனக்குத்தான் கேவலம்.

ஆகஸ்ட் 5, சனி

எண் 4 நன்றாக இருக்கிறது. எரிச்சலாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். இரண்டாவது மெட்டை முதலில் ரகசியம் போலச் சொல்லி, அது திரும்பி வரும்போது ஊரே கேட்கச் சொல்கிறது. வித்தியாசம் தெரிந்து வாசிக்கிற பிள்ளை. 82.

ஆனால் அதுவும் ஏழாவது பாரில் இ ஃப்ளாட் சுரத்தைத்தான் வாசிக்கிறது. எல்லாருமே இ ஃப்ளாட்தான் வாசிக்கிறார்கள்.

இதை எழுதி வைக்கிறேன். பாலாட் ஒரு மெதுவான முன்னுரையோடு ஆரம்பிக்கும். அதன் கடைசியில், ஏழாவது பாரில், அதாவது ஏழாவது தாளக் கட்டத்தில், ஒரு கார்டு: ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் சில சுரங்கள். என் புத்தகத்தில் அதில் டி என்ற சுரம் இருக்கிறது. என் வாத்தியார் டி என்றுதான் சொல்லிக் கொடுத்தார். நாற்பது வருடமாக நானும் டி என்றுதான் சொல்லிக் கொடுக்கிறேன். காதுக்கு இதமாக முடியும். இப்போது வருகிற பதிப்புகளில் எல்லாம் இ ஃப்ளாட். காதில் முள் குத்துவது போலக் கேட்கும்.

நவம்பரில் பெனிட்டா பாடத்துக்கு வந்தவள் உட்கார்ந்ததும் போனை நீட்டினாள். "சார், இது சோப்பினே கைப்பட எழுதினது. இ ஃப்ளாட்தான் சார் இருக்கு. நம்ம புக்ல தப்பா திருத்தியிருக்காங்க." நான் போனை வாங்கிப் பார்க்கவில்லை. வாசி என்றேன். இ ஃப்ளாட் வாசித்தாள். டி வாசி என்றேன். மறுபடியும் இ ஃப்ளாட் வாசித்தாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. பாடத்தை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கோவிலில் பாடகர் குழுவில் பெனிட்டா நிற்கிறாள், இவாஞ்சலினுக்குப் பக்கத்தில். பாட்டுப் புத்தகம் இடது கையில். வலது கை துப்பட்டாவுக்குள். ஆராதனை முடிந்து படியிறங்கும்போது, "ஸ்தோத்திரம் சார்," என்றாள். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

என்ன தைரியம்! இவாஞ்சலின் நடுவராக இருந்தால் அவள் மாணவி போட்டியில் இருக்கக் கூடாது. விதி. ஆனால் விண்ணப்பத்தில் ஆசிரியர் என்று வேறு யாரோ ஒருவரைக் கையெழுத்துப் போட வைத்தால் யாருக்குத் தெரியும்? இவாஞ்சலின் அதைச் செய்யக் கூடியவள்தான். நானும் அவளும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். அப்போதே வாத்தியார் முன்னால் டி வாசிப்பாள், அவர் அந்தப் பக்கம் போனதும் இ ஃப்ளாட் வாசிப்பாள்.

ஆகஸ்ட் 7, திங்கள்

எண் 5, 6, 7, 8. நாலும் தண்டம். 6-ஐத் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து வளர்த்திருக்கிறார்கள். 8 நடுவில் ஒரு பக்கத்தையே தாண்டிவிட்டது, அதையும் பதிவு செய்து அனுப்பியிருக்கிறது. மோட்டார் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். எண் 9.

முன்னுரை ஆரம்பித்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவசரமே இல்லை. ஏழாவது பார் வந்தது. அந்த இ ஃப்ளாட்டை மற்றவர்கள் கடந்து போகிறார்கள். இவள் அதன்மேல் ஏறி நின்றாள். கேட்டீங்களா சார், கேட்டீங்களா என்று கன்னத்தில் அறைவது போல. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவினேன்.

அப்புறம் கடைசிப் பகுதி. அங்கே வலது கையில் நாலாவது விரல் தூங்குகிறது. மோதிர விரல். மேலே ஏறும்போதெல்லாம் அந்த ஒரு விரலின் சத்தம் மட்டும் அமுங்கிப் போகிறது. இருபது தடவை கேட்டுப் பார்த்தேன். இருபது தடவையும் அதே விரல்.

பெனிட்டாவின் வலது கை மோதிர விரலில் அடிபட்டிருந்தது. நவம்பரில், அந்தப் பாடத்தின் அன்று, பியானோ மூடி விழுந்துவிட்டது. கீல் தளர்ந்திருந்தது. சாயங்காலம் அவள் அம்மா குளோரி போன் பண்ணினார். "மூடி விழுந்துருச்சாமே சார். பாத்து வைக்கக் கூடாதா? பிள்ளைங்க வந்து போற இடம்." கீல் பழசும்மா, ஆசாரியைக் கூப்பிடுகிறேன் என்றேன். அந்த அம்மா பாவம், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

ஆசாரி வந்தான். வேலை தெரியாதவன்.

மூடியைத் தூக்கினான், பாதியில் விட்டான். அது பாதியிலேயே நின்றது. "சார், கீலு கல்லாட்டம் கீது. இன்னாத்த பாக்க சொல்றீங்க?"

"நவம்பர்ல விழுந்ததுப்பா. ஒரு பொண்ணு கையில."

"தானா வுழாது சார். யாருனா புடிச்சு அடிச்சாத்தான் வுழும். பசங்க வர்ற வூடாச்சே, விளையாட்டுக்கு அடிச்சிருக்கும்."

எண்ணெய் போட்டுவிட்டுப் போ என்றேன். எண்ணெய் போட்டால்தான் சார் தளரும் என்கிறான். வந்த வழியைப் பார்த்துப் போ என்று அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

4-ஐயும் 9-ஐயும் மாற்றி மாற்றிக் கேட்டேன். 4 சுத்தம். எதுவும் சிந்தாமல் பரிமாறுகிற கை. 9 சிந்துகிறது. நடுவில் வால்ட்ஸ் நடனம் மாதிரி வரும் இடத்தில் 4 ஒழுங்காக ஆடுகிறது. 9 அங்கே சிரிக்கிறது, உடனே சிரித்தது தப்போ என்று நிறுத்திக்கொள்கிறது. அதை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இவாஞ்சலினுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது.

அந்த விரல் மட்டும் சரியாக இருந்திருந்தால் இந்தப் போட்டியே தேவையில்லை.

என்ன இருந்தாலும் ஏமாற்று ஏமாற்றுதான். மார்க் தாளில் 9-க்கு நேராக 'வேண்டாம்' கட்டத்தில் டிக் பண்ணினேன். பென்சிலால்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

எண் 10, 11. எதற்குப் பிறந்தார்கள்? சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 12, சனி

இவாஞ்சலின் போன் பண்ணினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு.

"அண்ணே, எல்லாம் கேட்டு முடிச்சிட்டீங்களா? ஒன்பது கேட்டீங்களா, ஒன்பது! எனக்கு அழுகையே வந்துருச்சு."

"வராம இருக்குமா?" என்றேன்.

"என்னண்ணே?"

"நாலாவது விரல் செத்துப் போயிருக்கு. உனக்குக் காது கேக்கலையா?"

"நாலாவது விரல் யாருக்குண்ணே பலமா இருக்கு? உங்களுக்கு இருக்கா? எனக்கு இருக்கா? வாத்தியாருக்கே கிடையாது. அந்தப் பிள்ளை வாசிக்கிறதக் கேளுங்க, விரலை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க."

"யாரு பிள்ளைன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா அதுக்குப் படிவம் இருக்கு, எழுதிக் குடுங்க. என்கிட்ட மொறைக்காதீங்க," என்று வைத்துவிட்டாள். எவ்வளவு திமிர் பாருங்கள். மாட்டமாட்டோம் என்ற தைரியம்.

ஆகஸ்ட் 14, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். 'வேண்டாம்' போட்டால் பெனிட்டா மட்டும் போவாள். இவாஞ்சலின் கை தட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருப்பாள். படிவம் எழுதினால் இரண்டு பேரும் மாட்டுவார்கள். பென்சில் டிக்கை அழித்தேன்.

படிவத்தை எழுதினேன். போட்டியாளர் எண்: 9. நீங்கள் அடையாளம் கண்ட நபர்: பெனிட்டா குளோரி, வேப்பேரி. தற்போதைய ஆசிரியர்: இவாஞ்சலின் சற்குணம். எதனால் அடையாளம் கண்டீர்கள்: வலது கை நாலாவது விரலில் பழைய காயம். கீழே பொடி எழுத்தில் நாலைந்து விதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எல்லாவற்றிலும் டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்கேன் பண்ணி அனுப்ப ஜெராக்ஸ் கடையில் அரை மணி நேரம் நின்றேன்.

ஆகஸ்ட் 16, புதன்

வெங்கடரங்கன் போன். "சார், உங்க படிவத்தைக் கமிட்டில வெச்சோம். இது சீரியஸான கம்ப்ளெய்ன்ட். சும்மா காயம்னு எழுதினா எப்படி சார்? விரல்ல காயம் யாருக்கும் இருக்கலாம். அது அந்தப் பொண்ணுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? காயத்தைப் பாத்தீங்களா? வைத்தியம் பாத்த டாக்டர் சொன்னாரா?"

"எனக்குத் தெரியும்."

"அதைத்தான் சார் எழுதணும். இல்லேன்னா வாபஸ் வாங்கிக்குங்க. நாங்களும் மறந்துடறோம்."

வாபஸா? நானா?

ஆகஸ்ட் 17, வியாழன்

காலையில் ஒன்பதாம் எண்ணை மறுபடி கேட்டேன். ஏழாவது பார். அப்புறம் படிவத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்து எழுதினேன். கோபத்தில்தான் எழுதினேன். இவாஞ்சலினை விடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில். எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

'இந்தக் காயத்தை நான் அறிவேன். போன நவம்பரில் என் வீட்டில், அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போது, பியானோ மூடியை நான் ஓங்கி அடித்தேன். அவள் இடது கையை எடுத்துவிட்டாள். வலது கையை முழுதாக எடுக்க முடியவில்லை. மோதிர விரல் மாட்டிக்கொண்டது. மூடி தானாக விழவில்லை. கீல் சரியாக இருக்கிறது.'

அவள் கத்தவில்லை. அதை இங்கேதான் எழுதுகிறேன், படிவத்தில் எழுதவில்லை. "சார், மூடியத் தூக்குங்க சார்," என்று மட்டும்தான் சொன்னாள். நான் தூக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கிறது. சீக்கிரம் தூக்கவில்லை. டி என்று சொல் என்றேன். சொன்னாள். அப்புறம்தான் தூக்கினேன்.

படிவத்தை அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

இரண்டு பாடம். இரண்டு பிள்ளைகளும் மூடியைத் தாங்களே திறந்து, தாங்களே மூடிவிட்டுப் போனார்கள். நான் கை வைக்கவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

இவாஞ்சலின் நேரிலேயே வந்துவிட்டாள். உட்கார் என்று நான் சொல்லவும் இல்லை, அவள் உட்காரவும் இல்லை. கையில் என் படிவத்தின் நகல்.

"ரிசல்ட் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். ஒன்பதாம் நம்பர்தான் ஜெயிச்சது."

"அதெப்படி? என் படிவம்..."

"படிவம் குடுத்தா நடுவர் மார்க் செல்லாது. விதியப் படிக்கவே இல்லையாண்ணே நீங்க? நானும் டாக்டரும் போட்ட மார்க்கை வெச்சு முடிவு பண்ணாங்க. அதுக்கு அப்புறம் கவரைப் பிரிச்சாங்க. பேரு சஹானா பர்னாந்து. தூத்துக்குடி. பதினாறு வயசு. அவ விரல்ல ஒரு காயமும் இல்ல. சின்னப் பிள்ளை, விரல்ல வலு இல்ல, அவ்வளவுதான்."

"அப்ப பெனிட்டா எந்த நம்பர்?"

"எந்த நம்பரும் இல்ல. அவ விண்ணப்பமே போடல. எப்படிப் போடுவா? அந்த விரல் மடங்காது. முட்டியில ஒடஞ்சு கோணலா சேந்துருச்சு. என்கிட்ட அவ பியானோ கத்துக்கவா வந்தா? பாட வந்தா. பியானோ பக்கமே போகமாட்டா. ஏன் பிள்ளைன்னு கேட்டா, மூடி விழுந்துருச்சு ஆன்ட்டி, பயமா இருக்குன்னு சொல்வா. நானும் தானா விழுந்துச்சுன்னுதான் நெனச்சேன்."

அவள் படிவத்தைப் பியானோமேல் வைத்தாள்.

"நான் திருட்டுத்தனமா அவளை உள்ள நுழைச்சேன்னு நெனச்சீங்களா? அவ அந்தப் போட்டியில இருந்திருந்தா நானே சந்தோஷமா நடுவர் பதவிய விட்டுருப்பேன். நீங்க மனுஷனாண்ணே?"

போகும்போது வாசலில் திரும்பி, "கீழ பொடி எழுத்துல அஞ்சாவது விதிய டிக் பண்ணியிருக்கீங்க. படிச்சுப் பாருங்க," என்றாள்.

படித்துப் பார்த்தேன். 'புகாரின் நகல், பெயர் குறிப்பிடப்பட்ட நபரின் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்படும். சம்மதம்.' டிக் என்னுடையதுதான்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

பென் டிரைவைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குமுன் ஒன்பதாம் எண்ணை ஒரு தடவை போட்டேன். அந்த இ ஃப்ளாட் யாரையும் அறையவில்லை. ஒரு சின்னப் பெண் தனக்குப் பிடித்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான் அது. இருபது தடவை கேட்டும் எனக்கு அது கேட்கவில்லை.

நல்ல பதிவு. நான் 'வேண்டாம்' என்று டிக் பண்ணிய பதிவு.

ஆகஸ்ட் 24, வியாழன்

மத்தியானம் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"சார், நான் பெனிட்டா."

சொல்லும்மா என்றேன்.

"கவர் வந்துச்சு சார். நான் காலேஜ்ல இருந்தேன். அம்மாதான் பிரிச்சாங்க."

அவள் தொடர்ந்தாள். "மூடி தானா விழுந்துச்சுன்னு அன்னைக்கு அம்மாகிட்ட நான்தான் சார் சொன்னேன். ஆஸ்பத்திரியிலயும் அதான் சொன்னேன். ஒன்பது மாசமா எல்லார்கிட்டயும் அதையே சொல்லிட்டிருந்தேன். உங்க பேரு கெட்டுரக் கூடாதுன்னு. ஏழு வருஷம் சொல்லிக் குடுத்தீங்களே."

குளோரியிடம் கீல் பழசு என்று நான்தான் சமாளித்ததாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த அம்மா நம்பியது என்னை இல்லை.

"பெனிட்டா, நான்..."

"எந்த நம்பரை நான்னு நெனச்சீங்க சார்?"

"ஒன்பது."

"நல்லா வாசிச்சாளா?"

"ரொம்ப நல்லா வாசிச்சா," என்றேன்.

"என்கிட்ட நீங்க ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்ல." அழுகிறாளா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். அழவில்லை. "அம்மா நாளைக்குக் காலைல பத்து மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றாங்க. மாமாவும் வர்றாரு. மொதல்ல உங்க வீடு, அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்னு சொல்றாங்க. போகாதீங்கன்னு சொல்ல என்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல சார். நீங்களே எழுதிட்டீங்க."

நீயும் வருவாயா என்று கேட்டேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

பயமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது, ஆனால் பயம்தான் அதிகம். நாளைப் பத்து மணிப் பாடத்துக்கு வரும் பிள்ளையை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பியானோ மூடியைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அது விழாமல் அப்படியே நிற்கிறது. கேட்டுக்குத் தாழ் போடவில்லை.